விரல் வைத்த வரி

“இன்னிக்கு எனக்கு வேணுங்கிறத நானே சொல்றேன். நீ வாயைத் திறக்கக் கூடாது” என்று மாலக்கி வரும்போதே காரில் சொல்லிவிட்டார்.

அதைச் சொல்லி முடிக்க, ஆற்றுப் பாலத்திலிருந்து தேவாலயத்து முனை வரைக்கும் ஆயிற்று. அவருக்குத் திக்குவாய்.

அதனால்தான் அட்ராக்டா இப்போது இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமாக அவர் தொடங்கும் சொல்லை முடித்துவைப்பவள் அவள். வங்கியில், மாட்டுச் சந்தையில், எங்கேயும். பாவமன்னிப்புக் கூண்டுக்குள் மட்டும் முடிந்ததில்லை, பாதிரியார் விடமாட்டார்.

எட்டே மேசை கொண்ட சாப்பாட்டுக் கடை. கணப்புப் பக்கத்து மேசை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இவர்களுடையது. அவள் சால்மன் மீன் சொல்வாள். ‘எனக்கும் அதேதான்’ என்பார் அவர். அந்தக் கடையில் அவர் திக்காமல் சொல்கிற வாக்கியம் அது ஒன்றுதான்.

பரிமாறும் பெண் சின்ன நோட்டுடன் வந்து நின்றாள். “வழக்கம்போல ரெண்டு சால்மன்தானே?”

மாலக்கி இல்லையென்று தலையசைத்தார். “எனக்கு ப்... ப்... ப்...”

பாட்டுப் பாடினால் ஓர் எழுத்து இடறாது மனுஷனுக்கு. பேச வந்தால் மட்டும் அந்தப் ‘ப’ ஜென்மப் பகை.

பக்கத்து மேசை ஜார்லத் கரண்டியைக் கீழே வைத்தான். நல்லவன்தான், சும்மா இருக்கத்தான் தெரியாது. “பன்னிக்கறியா மாலக்கி? பட்டாணி சூப்பா?”

மேசைக்கடியில் அட்ராக்டாவின் கால் நீண்டது. ஜார்லத் முழங்காலைத் தடவிக்கொண்டு அடங்கினான்.

மாலக்கிக்குக் கழுத்து சிவந்தது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. சரி என்று தலையாட்டிவிடேன் மனுஷா, மீன் வந்துவிடுமே என்று அவள் மனசு கெஞ்சியது. அவர் என்ன சொல்ல வருகிறார் என்று முதல்முறையாக அவளுக்கே தெரியவில்லை.

“ப்... ப்... பாக்ஸ்டி.”

வந்தேவிட்டது. அவர் அதோடு நிற்கவுமில்லை. “நல்லா முறுகலா. மேல வெண்ணெய் போட்டு.”

உருளைக்கிழங்கைத் துருவிக் கல்லில் வார்க்கிற பாக்ஸ்டி. அந்த ஊரில் மூன்று வயசுப் பிள்ளையும் கேட்டு வாங்குகிற பண்டம். ஆனால் கண்காட்சியில் தன் வீட்டுக் காளை முதல் பரிசு வாங்கிவிட்ட மாதிரி அட்ராக்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வாரமாக மாட்டுக்கொட்டகையில் தனியாக முணுமுணுத்தது இதைத்தானா!

“ஆனா உனக்குச் சால்மன்னா உயிராச்சே?” என்று அட்ராக்டா கேட்டேவிட்டாள்.

அது ஊரறிந்த கதை. முதல்முதலாக இருவரும் வெளியே சாப்பிட வந்தது இதே மேசைக்கு. வாய் எழாமல் அவர் உணவுப் பட்டியலில் விரலை வைத்தார், விரல் நடுங்கியது. அவள் எட்டிப் பார்த்து, ‘இவருக்குச் சால்மன், எனக்கும்தான்’ என்றாள். சொல்லாமலே இவர் மனசைப் படித்தவள் நான் என்று தன் கல்யாணத்தில் சொன்னாள், பிள்ளைகளின் கல்யாணங்களிலும் சொன்னாள். அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மீன்தான் சமைத்தாள்.

மாலக்கி பட்டியலை அவள் பக்கம் திருப்பி, அன்றைக்கு வைத்த அதே இடத்தில் விரலை வைத்தார். இன்று நடுக்கமில்லை.

சால்மனுக்குக் கீழே, அடுத்த வரியில் இருந்த பாக்ஸ்டியில்.

அட்ராக்டா விரலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷமாக, அவள் பெருமைக்காக, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்ற மனுஷன்.

“உங்களுக்கு?” என்று பரிமாறும் பெண் அவள் பக்கம் திரும்பினாள்.

“எ... எனக்...” அதற்குமேல் சொல் வரவில்லை.

ஜார்லத்துக்குப் பொறுக்கவில்லை. “அவளுக்குச் சால்மன்தா...”

மேசைக்கடியில் இந்தமுறை மாலக்கியின் கால் நீண்டது. பிறகு அவர் இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.