ஒரே ஒரு நிபந்தனை

திண்டுக்கல் அச்சகத்துக்கு அந்த நிற மென்பொருள் இலவசமாக வந்தது. படத்தில் உள்ள நிறத்தையே தாளிலும் விழவைக்கும். முதலாளி மதியழகன் ஆள் வைத்து அதைத் திருத்தி, எந்த முகத்தைப் போட்டாலும் வெளுத்து வரும்படி செய்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு ஊரே அங்கேதான் வந்தது.

"அடுத்தவன் செஞ்சதை மாத்தலாமா மொதலாளி?" என்று கேட்டார் மிஷின் ஓட்டும் அருளப்பன்.

"யாரு வேணாலும் மாத்தலாம்னு உரிமத்துலயே எழுதியிருக்கான்லே. மாத்துனா, மாத்துனேன்னு சொல்லணுமாம். அது ஒண்ணுதான் நிபந்தனை. அதை எவன் பாக்குறான்?"

அன்றைக்கு ஒரு நினைவஞ்சலி சுவரொட்டி. படத்தில் இருந்தவள் நல்ல கறுப்பு.

"இது ஒண்ணை மட்டும் உள்ளபடி விடுங்க மொதலாளி."

"வெயில்ல கருகின மூஞ்சிய எவன்லே நின்னு பாப்பான்? செத்த பெறகாச்சும் செவப்பா இருந்துட்டுப் போகட்டும்."

நூறு தாளிலும் யாரோ ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள். அருளப்பன் பேனாவை எடுத்தார். ஐம்பது வயதில் அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தைக் கொண்டு, ஒவ்வொரு தாளிலும் 'கண்ணீருடன், கணவர் அருளப்பன்' என்ற வரிக்குக் கீழே எழுதினார்: 'நிறம் மாற்றப்பட்டது. மாற்றியவர் மதியழகன்.'