சந்தனக் காட்டில் ஒரு கூடாரம்

சிவப்பிரகாஷ் கூடாரம் வாங்கி வந்த அன்றே பவ்யாவுக்குச் சந்தேகம் தட்டியது. கொசுவுக்குப் பயந்து சொந்த வீட்டு மொட்டை மாடியில்கூடப் படுக்காதவன் அவன். காட்டோரம் போய்த் துணிக்கூரைக்குக் கீழே படுக்கப் போகிறானாம்.

"தேவிகுளம் போலாமுங்க. டீத் தோட்டத்தைப் பாத்துட்டே படுத்துக்கலாம்" என்றாள்.

"மறையூர் போலாம், அம்மிணி."

"அங்க என்னங்க இருக்குது?"

"கரும்பு."

கரும்பு அவர்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையிலும் இருந்தது. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு அவனாகக் கூப்பிடும் முதல் பயணம் என்பதால் பவ்யா வாதாடவில்லை.

டிக்கியில் கூடாரம், அடுப்பு, பாய்கள். அவற்றோடு ஒரு நீளமான ஜிப் பை. நகர்த்தப் போனவள் கையை எடுத்துவிட்டாள். அத்தனை கனம். பூச்சி வரும் என்று அதற்குள் நாப்தலின் உருண்டைகளை வேறு கொட்டியிருந்தான்.

"கூடாரத்துக் கம்பி. நீ தொடாத" என்றான் சிவப்பிரகாஷ்.

கூடாரத்துக் கம்பிகள் கூடாரத்தோடுதான் இருந்தன. அவளே பார்த்திருந்தாள்.

சின்னாறு சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஜிஸ்மி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"டெண்ட் அடிக்கவா? போய்க்கோ. திரும்பி வரும்போதாணு முழுசா செக்கிங்."

சாவடி தாண்டிய பிறகும், ஏசி ஓடும் காரில், சிவப்பிரகாஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறையூரில் கரும்புக் கொல்லையை ஒட்டி வெளியூர்க்காரர்களுக்குக் கூடாரம் போட இடம் விட்டிருந்தாள் பூமாரி. வெல்லம் போட்ட டீயைக் கொடுத்துவிட்டு, எதிரே கம்பிவேலிக்குள் நின்ற மரங்களைக் காட்டினாள்.

"அம்புட்டும் சந்தனம்மா. போன வாரங்கூட ஒரு மரத்த அறுத்துட்டுப் போயிட்டானுக. ராத்திரி பூரா ஃபாரஸ்ட்டுக்காரங்க சுத்துறாங்க. விடிகாலையிலதான் கொஞ்சம் கண்ணசருவாங்க."

"விடிகாலையிலீங்களா?" என்று கேட்டான் சிவப்பிரகாஷ். டீ ஆறிப்போனது.

அன்று மாலை வேலியோரமாகவே நெடுநேரம் நடந்தான். பறவை பார்க்கிறானாம். காக்கையைத் தவிர வேறொரு பறவையின் பெயரை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை.

திரும்பி வந்தவனிடம் நேராகவே கேட்டாள். "அந்தப் பையில என்னங்க வெச்சிருக்கறீங்க? ரம்பமா?"

"ஊட்டுக்குப் போயிச் சொல்றேன்."

"மாட்டுனா ஜெயிலுங்க."

"தெரியும்" என்றான். பிறகு பாயை உதறி அவளுக்கு விரித்துக் கொடுத்தான். மேடு இல்லாத பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டுத் தான் கல் குத்தும் பக்கம் படுத்துக்கொண்டான். இப்படிப்பட்டவன் எதற்காக மரம் திருட வேண்டும் என்று யோசித்தபடியே பவ்யா தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வெளுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் அவன் இல்லை. டிக்கியில் பை இல்லை.

மரத்தில் ரம்பத்தை வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே போய்விடுவான். வைப்பதற்கு முன்னால் பிடிபட்டால் திட்டி அனுப்பினாலும் அனுப்புவார்கள். வேலியில் தொங்கிய வனத்துறைப் பலகையின் எண்ணை அழுத்தினாள்.

ஜீப் உடனே வந்துவிட்டது. இறங்கியவள், ராத்திரி ரோந்துக்கு இங்கே வந்திருந்த ஜிஸ்மிதான். பவ்யாவையும் கூட்டிக்கொண்டு வேலி இடைவெளி வழியாக நுழைந்தாள்.

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு மரத்தடியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான் சிவப்பிரகாஷ். பை திறந்து கிடந்தது. சருகுக்கு நடுவே தொடை பருமனில் ஒரு சந்தனக்கட்டை. அதன்மேல் அவன் கை.

"வெட்டியது நீங்கதானே?" என்றாள் ஜிஸ்மி.

அவன் பவ்யாவை ஒரு முறை பார்த்தான்.

"நாந்தானுங்க."

"ரம்பம் எவிட?"

"பள்ளத்துல வீசிட்டேனுங்க."

விசாரிக்க வேண்டிய எல்லாவற்றையும் அவன் இப்படி மளமளவென்று ஒத்துக்கொண்டதில் ஜிஸ்மிக்குச் சற்று ஏமாற்றம்தான். அவள் பவ்யாவின் தோளைத் தட்டினாள். "சேச்சி சொல்லலேன்னா இதும் போயிருக்கும். வளரெ நன்றி."

ஜீப்பில் ஏற்றியபோது பவ்யாவால் தாங்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க? எங்கப்பாரு மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்? ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஊருல ஒருத்தர் அவர ஒரு சொல்லுச் சொன்னதில்லீங்க. கேட்டாருன்னா உசுர விட்ருவாரு."

"உட மாட்டாரு" என்றான் சிவப்பிரகாஷ்.

ஜிஸ்மி முன்பக்கம் ஏறி, கதவைச் சாத்தினாள். வண்டி உறுமியது. அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவன் குனிந்து அவள் காதருகே சொன்னான்:

"அவரு கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்த கட்டையை, அவரு கேட்டுக்கிட்ட மாதிரியே கொண்டாந்து காட்டுலயே போட்டாச்சு, இனியாவது உங்கப்பாரைப் பயமில்லாமத் தூங்கச் சொல்லு, அம்மிணி."