செருப்புக்குள் ஒரு நெத்திலி

கணவர் இறந்த பிறகு அற்புதம் தன் ஒன்பதாவது மாடி வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. துணைக்கென்று மகள் ஜெனிட்டா கொண்டுவந்து விட்ட பூனையும் அற்புதத்தைப் போலவே ஜன்னலோரம் சுருண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த கால்நடை மருத்துவர், "நோய் ஒண்ணும் இல்லம்மா, சும்மாவே இருந்து சோர்ந்துபோச்சு. தீனியத் தட்டுல வைக்காதீங்க. அங்கங்க ஒளிச்சு வைங்க, தேடித் தின்னட்டும்" என்றார்.

அற்புதம் நெத்திலிக் கருவாட்டைத் திரைச்சீலை மடிப்பிலும் அட்டைப்பெட்டிக்குள்ளும் அலமாரி மேலும் ஒளித்து வைத்தாள். பூனை மோப்பம் பிடித்துத் தாவியது. சீக்கிரமே வீடெங்கும் ஓடத் தொடங்கியது. அப்புறம் ஒரு காலை, அவளுடைய செருப்புக்குள் ஒரு நெத்திலி கிடந்தது. அங்கே வைத்ததாக அவளுக்கு நினைவில்லை. மறுநாள் தலையணைக்கு அடியில் ஒன்று. பிறகு காப்பி டம்ளருக்குள்.

மகளை போனில் கூப்பிட்டாள். "ஜெனி, பூனை ஒளிச்சு வைக்குமா? இல்ல, நான்தான் வெச்சிட்டு மறக்குறேனா?"

மகள் திருப்பிக் கேட்டாள்: "அம்மா, நேத்து நீ என்ன சாப்ட்ட?"

அற்புதம் யோசித்தாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். அடுப்பு துடைத்தது துடைத்தபடியே இருந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான் இருந்ததோ?

"அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தாள்.

டம்ளரில் கிடந்த நெத்திலியை எடுத்தாள். தயங்கித் தயங்கி வாயில் போட்டாள். உப்புக் கரித்தது. உடனே பசித்தது. அதுவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்த பூனை எழுந்து படுக்கையறைப் பக்கம் நடந்தது. வாசலில் நின்று, வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தது.