சிவப்புப் புள்ளி

தையல் மெஷினைத் தவிர வேறு இயந்திரத்தைத் தொட்டறியாத தையல்காரர், பிரேக் பிடிக்காமல் சரிவில் கவிழ்ந்து தன் அண்ணனைக் கொன்ற அந்தப் பழங்காலத்து டிராக்டரைக் கொட்டகையில் பிரித்துப் போட்டார். கழற்றிய போல்ட்டுகளைப் பட்டன் டப்பாக்களில் வகைபிரித்து வைத்தார்.

“காஜா எடுக்கிற கை, கியர் பாக்ஸைப் பிரிக்குதாக்கும்!” என்றாள் அண்ணி. வண்டி ஓடினால் விற்றுத் தொலைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

அநேகமாக எல்லா போல்ட்டின் தலையிலும் மங்கிய சிவப்புப் புள்ளி இருந்தது. இறுக்கி முடித்ததும் அண்ணியின் நெயில் பாலிஷைத் தொட்டு வைப்பது அண்ணனின் பழக்கம். தையல்காரர் எல்லாவற்றையும் டீசலில் ஊறவைத்து, புள்ளி போகத் தேய்த்தார்.

திரும்பப் பூட்டத் தொடங்கியதும், முந்தின நாள் இறுக்கிய போல்ட்டுகளில் காலையில் புதுப் புள்ளி இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. அண்ணியின் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டார். கடைசியில் பிரேக் கம்பியின் போல்ட் மட்டும் வெறுமனே நின்றது. மூச்சைப் பிடித்து இறுக்கினார். மறுநாளும் புள்ளி இல்லை.

“இதுல மட்டும் ஏன் அண்ணி வைக்கல?”

“நான் எதை வச்சேன்? அவரு போனப்புறம் அந்த பாட்டிலத் தொட்டதே இல்ல.” குனிந்து பார்த்தவள் ஓரடி பின்வாங்கினாள். “அன்னைக்கும் இந்த ஒண்ணுதான் பாக்கி. வந்து இறுக்கிக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் ஏறிப் போனாரு, தம்பி.”

தையல்காரர் ஸ்பேனர்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பெரிய ஸ்பேனர் அந்த போல்ட்டில் மாட்டியிருந்தது. அதன் கைப்பிடி சூடாக இருந்தது. புள்ளி இன்னும் விழவில்லை.