சேணத்துக்கு ஒரு சாண் பின்னால்

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கிருஷ்ணப்பா ராணியின் முதுகில் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற சேஷகிரிக்குத் தம் முதுகில் கட்டெறும்பு ஊர்வது போல இருந்தது.

ராணி அவருடைய சவாரிக் குதிரை. சுதந்திரம் வந்த வருஷம் மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரக் கேப்டனிடம் வாங்கியது. சேஷகிரி மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகஸ்தர். தினமும் விடிவதற்கு முன்பே மல்லேஸ்வரத்திலிருந்து கிளம்பி, கப்பன் பார்க்கில் தன்னந்தனியாகச் சவாரி செய்துவிட்டுத் திரும்புவார். சர்க்கரை வியாதிக்கு நல்லதாம். எந்த வைத்தியர் சொன்னார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஒரு மாதமாக ராணி சேணத்தைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. ஏறினால் முதுகைக் குலுக்கியது. சேஷகிரி சேணத்தின் மேல் பழியைப் போட்டுப் புதுச் சேணம் வாங்கினார். லாடத்தின் மேல் போட்டு லாடத்தை மாற்றினார். கடைசியில் குதிரையின் மேலேயே போட்டு, அதை ஜட்காவுக்கு விற்றுவிடுவது என்று முடிவு கட்டினார்.

டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அது அவர் மனைவி ஜெயலக்ஷ்மிக்குத் தோன்றிவிட்டது. பதினெட்டு வருஷமாக எதற்கும் வாய் திறக்காதவளுக்கு இப்போது போய்த் தோன்ற வேண்டுமா?

டாக்டர் கழுத்தடியில் அழுத்தினார். ராணி நிம்மதியாகப் புல் மென்றது. சேணம் உட்காரும் இடத்தில் அழுத்தினார். மென்றது. இன்னும் ஒரு சாண் பின்னால், இடுப்பில் விரல் பட்டதுதான் தாமதம், மெல்லுவதை நிறுத்திவிட்டு முதுகைத் தாழ்த்தித் துடித்தது. இடது பக்கத்தில் அழுத்தியபோது டாக்டரை உதைக்கவே பார்த்தது.

“சேணம் இங்கயே முடிஞ்சு போச்சு சார். நோவு அதுக்குப் பின்னாடி இருக்குது. யாரோ டபுள்ஸ் போறாங்க, அஷ்டே, அவ்வளவுதான்! பின்னாடி உக்கார்றது லேடீஸ். ரெண்டு காலையும் இடது பக்கமாத் தொங்கப் போட்டுக்கறாங்க.”

சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடிக்கிற ஊர் இது. குதிரையில் போனால் பிடிப்பதற்கும் ஒரு மகானுபாவர் இருக்கிறார் என்று சேஷகிரி கனவிலும் நினைக்கவில்லை.

பிரிஜெட் அவருடைய ஆபீஸில் டைப் அடிக்கிறவள். பார்க்கில் மூங்கில் புதர் ஓரமாக ஏறிக்கொள்வாள். ஜனநடமாட்டம் தொடங்குவதற்குள் இறங்கிக்கொள்வாள். அவள் பூவைவிட லேசானவள் என்று சேஷகிரி இங்கிலீஷில் ஒரு கடிதமே எழுதியிருந்தார். வெள்ளைக்காரன் வளர்த்த குதிரைதான் என்றாலும், ராணிக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை.

வாசல்படியில் காபித் தட்டோடு ஜெயலக்ஷ்மி நின்றிருந்தாள். வீடு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. உத்தியோகம் அதே அப்பாவின் சிபாரிசில் வந்தது. விஷயம் வெளியே வந்தால் மிஞ்சுவது புதுச் சேணம் ஒன்றுதான்.

ஆனால் பதினெட்டு வருஷம் ஃபைல் பார்த்த மூளை அல்லவா? மேலே நடக்கிற தப்பைக் கீழே நிற்பவன் தலையில் இறக்கி வைப்பது அதற்குக் கைவந்த கலை. கீழே நிற்பவனாகக் குதிரைக்காரன் அப்பாதுரை லாயத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி உண்டு. முன்பெல்லாம் கொல்லையில் பாத்திரம் தேய்ப்பாள். நல்லவேளையாக அவள் பெயர்கூட ஞாபகத்துக்கு வந்தது.

“ஓகோ! சின்னத்தாயியைக் குதிரையில ஏத்திண்டு ஊர்கோலம் போறயாடா?”

அப்பாதுரை எஜமானரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு லாயத்தை ஒட்டி அவன் குடியிருக்கிற ஒற்றை அறையைப் பார்த்தான். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். அவன் கண் கலங்கியது. பயந்துவிட்டான் என்று சேஷகிரி சந்தோஷப்பட்டார்.

“ஆமாங்க சாமி. தப்புத்தானுங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே தாராள மனசும் வந்தது. ஏழைதானே, பெண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்டிருப்பாள், முதல் தடவை மன்னித்துவிட்டேன் என்றார் சேஷகிரி. ராணியை விற்கப்போவதில்லை, அதற்கு ஒரு மாதம் ஓய்வு என்று உத்தரவு போட்டார். வாயில்லா ஜீவனிடம் கருணை காட்டுவது பற்றி அப்பாதுரைக்கு ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்தார். அது நன்றாகவே அமைந்தது. டாக்டர்கூடத் தலையாட்டினார்.

ஜெயலக்ஷ்மி படியிறங்கி வந்து டாக்டருக்குக் காபி கொடுத்தாள். கணவருக்கும் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

“ஏன்னா, சின்னத்தாயி செத்துப்போய் இந்தத் தையோட ரெண்டு வருஷம் ஆயிடுத்து. அன்னிக்குக் காத்தால உங்ககிட்ட வந்து சொன்னேனே. பேப்பர் படிச்சுண்டே நீங்ககூட ‘உம்’னேள்.”