விறைப்பாக இருந்த கேபிள்

ஒரு பழைய வேனின் அடியில், பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ஹேண்ட்பிரேக் கேபிள்கள் இருந்தன. வலது கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, மூன்று வருடமாக அசையவே இல்லை. இடது கேபிள்தான் தனியாக இழுத்து இழுத்துத் தொய்ந்துபோயிருந்தது.

ஒருநாள் சரிவில் நிறுத்தியிருந்த வேன் தானாக உருண்டு, ஒரு டீக்கடை மேல் மோதாமல் மயிரிழையில் நின்றது. டிரைவர் தாவீது பயந்துபோய் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

மெக்கானிக் அடியில் படுத்து, இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இடது தொய்ஞ்சுபோச்சு, மாத்திடலாம். வலது நல்லா விறைப்பா இருக்கு, அது இருக்கட்டும்.”

கழற்றிய இடது கேபிள் தரையில் கிடந்தபடி கேட்டது: “இழுத்தது நான்தானே? என்னை ஏன் கழட்டினாங்க?”

“எனக்கும் புரியலை,” என்றது வலது. அது சொன்னது பொய்யில்லை.

மறுநாள் பாலத்து ஏற்றத்தில் வேன் நின்றது. தாவீது லீவரை இழுத்ததும், புதிய இடது கேபிள் உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டது.

“அண்ணே, நீங்களும் இழுக்கறீங்கதானே?” என்று மூச்சுத் திணறக் கேட்டது.

வலது கேபிள் மூன்று வருடத்தில் முதன்முறையாக அசையப் பார்த்தது. முடியவில்லை.

“இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றது.