தூக்குவாளி மாவு

வீட்டுச் சாமான்கள் எல்லாம் லாரியில் முன்னே போய்விட்டன. மறுநாள் தோசைக்கு ஆட்டிய மாவுத் தூக்குவாளியை மட்டும் தெய்வானை யாரிடமும் தரவில்லை. மகள் தாமரை ஓட்டிய காரில், இருவர் சீட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "மக வீட்டுல எத்தனை நாளைக்கு உக்காந்து சாப்பிடறது? ஒரு மாசம் பாப்பேன். சரிப்படலைன்னா வந்த வழியே திரும்பிருவேன்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். உச்சி வெயிலில் மாவு புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. "சீட்டெல்லாம் போச்சேம்மா" என்று வண்டியை ஓரங்கட்டித் துணியை எடுத்தாள் தாமரை. தெய்வானை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பொங்கல் பானையைப் பார்ப்பதுபோல் குனிந்து, எந்தப் பக்கம் பொங்கியிருக்கிறது என்று பார்த்தாள். "உன் பக்கந்தான்டி" என்றாள். வண்டி மறுபடி கிளம்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.